வெள்ளைப் பொட்டுகளுக்கு அப்பால்

வரதராசா கைத்தடியால் எரிமலைக் கல்லை இரண்டு தட்டுத் தட்டினார். அடியில் வெறும் பொந்து இருப்பதுபோல் டொங், டொங் என்றது. தடியை எடுத்த பிறகு, கீழேயிருந்து இன்னொரு தட்டல் கேட்டது.

காற்று காதை அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவர் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சேலைக்கடை வைத்திருப்பவர். புறநகரான பொபினியிலிருந்து வந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களை முகத்துக்கு நேரே ஏளனம் செய்பவர். 2019 நத்தார் விடுமுறைக்கு மனைவி தர்மிளா ஆசைப்பட்டதால்தான் இந்துமாக்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்கு வந்தார். வந்ததிலிருந்து எல்லாமே இளக்காரம்.

"இதுதான் எரிமலையோ? கறிச்சட்டி அடிப்பிடிச்ச மாதிரிக் கிடக்கு."

அத்தீவுக்கு முன்பே குடியேறிய தமிழர் வழிவந்த வழிகாட்டிப் பெண்ணின் நெற்றியில் குங்குமம் இருந்தது, வாயில் தமிழ் இல்லை. அதற்கும் சிரித்தார். பாறைகளில் வெள்ளைச் சாயத்தால் இட்ட பொட்டுகளைத் தாண்ட வேண்டாம், அப்பால் தரை மேலே மட்டும்தான் ஆறியிருக்கிறது என்று அவள் பிரெஞ்சில் எச்சரித்தாள். அவள் கண்ணெதிரிலேயே பொட்டுகளைத் தாண்டி இறங்கி நடந்தார்.

காலடியில் கருங்கல் கண்ணாடிபோல் நொறுங்கியது. வெடிப்புகளிலிருந்து அழுகிய முட்டை மணத்தோடு எழுந்த ஆவி பனிமூட்டத்தோடு கலந்து, பின்னால் நின்றவர்களையும் அவர்கள் பேச்சையும் மெல்ல மெல்ல விழுங்கியது.

"இஞ்சாருங்கோ, திரும்பி வாங்கோ!" தர்மிளாவின் குரல் மட்டும் வந்தது.

அவர் குனிந்து, கதவைத் தட்டுவதுபோல் கல்லைத் தட்டினார். "ஆரடா உள்ளுக்கை? வெளியாலை வாவன்!"

சிரித்துவிட்டு நிமிர்ந்தார். ஆனால் திரும்பி நடக்கையில் ஒவ்வொரு காலடிக்கும் நேர் கீழே ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே வந்தது. பாதைக்கு ஏறிய பிறகும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பயந்தவன் என்று ஆகிவிடுமே.

பாரிஸுக்கு வந்ததும் நின்றுவிட்டது. தை மாதத்து மாலையொன்றில் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு வந்து வீட்டுச் சோபாவில் சாய்ந்தார். தெருவில் பஸ் இரைச்சலும் கார் து நோர் நிலையத்து ரயில் அதிர்வும் சற்று ஓய்ந்த இடைவெளியில், பலகைத் தரைக்கு அடியிலிருந்து அதே தட்டல். எழுந்து நடந்தார். கூடவே வந்தது. நின்றார். நின்றது.

கீழ்வீட்டில் ஓய்வூதியக்காரி சவரியம்மாள், புதுச்சேரிக்காரி. அவளையும் அவர் மனுசியாக மதித்ததில்லை. இறங்கிப் போய்க் கதவை இடித்தார்.

"உங்களுக்கென்ன விசரோ? ஏன் தட்டுறியள்?"

"நானா? நீங்கதான தட்டுறீங்க, மிஸ்யே! இதப் பாருங்க."

அவள் மேலே காட்டினாள். உட்கூரையின் வெள்ளைப் பூச்சு தீய்ந்து, கொப்புளம் கட்டியிருந்தது. கொப்புளங்கள் வாசற்பக்கத்திலிருந்து வரிசையாக வந்து, மேலே அவருடைய சோபா இருக்கும் இடத்தில் முடிந்தன.

"கிழடுக்குக் கண் பழுது," என்று முணுமுணுத்தபடி படியேறினார்.

வீட்டுக்குள் முட்டை அழுகிய மணம். சோபாவில் உட்கார்ந்தார். குதிக்காலால் தரையை ஓங்கி உதைத்தார். "போ, சனியனே!"

தட்டல் நின்றது.

மரம் மெல்ல முனகியது. அவர் பாதத்தருகே பலகை பழுப்பாகி, கருகி, விரிந்தது. ஐந்து விரல்கள். அடியிலிருந்து அழுத்திய உள்ளங்கை.

இரண்டு கால்களையும் சோபாவுக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

இன்னொரு கையின் தடம் பக்கத்தில் கருகியது. பிறகு இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். தேடியது.

வாசற்கதவு திறந்தது. தர்மிளா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாள்.

"என்னப்பா காலைத் தூக்கிக்கொண்டு இருக்கிறியள்? நிலம் ஏன் இப்பிடிச் சுடுது?"

அடுத்த தடம் அவள் பக்கமாக விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் கிட்ட.

ஓடு. அவளிடம் அந்த ஒரு சொல் போதும். சொன்னால் அது அவர் பக்கம் திரும்பும். முழங்கால்களைக் கட்டிப்பிடித்தார். பல்லைக் கடித்தார்.

"கதையுங்கோவன்," என்றாள் தர்மிளா.

பலகை சிவந்தது. பத்து விரல்களும் மேலே வந்து, அவள் பாதங்களைச் சுற்றி மெல்ல மடங்கின.