அறுபத்திரண்டாவது படம்

ஏரிக்கரைச் சாலையில் கடைசி வீடு அது. காலை பதினொரு மணி வெயிலில் மதில் சுவர் சூடேறிக் கிடந்தது. சில்லு அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினாள். செத்துப்போன செல்போன், உடைந்த பென் டிரைவ், எதைக் கொடுத்தாலும் உள்ளே இருக்கும் படங்களைத் தோண்டி எடுத்துவிடுவதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கேட்டைத் திறந்தவன் வீட்டுக்காரன். இரண்டு மாதத்துக்கு முன் மனைவியை ஏரிக்குப் பறிகொடுத்தவன். அவள் பறவைகளைப் படம் எடுப்பவள். படகு கவிழ்ந்தது, நான் நீந்திக் கரையேறினேன், அவளால் முடியவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். போன வாரம் ஏரியில் தண்ணீர் வற்றியபோது அவளுடைய கேமரா சேற்றில் கிடைத்தது.

"மேடம், ஒரு சின்ன உதவி." குரலைத் தாழ்த்தினான். "அவளோட அக்கா உள்ள உக்காந்திருக்காங்க. அந்தப் படத்தையெல்லாம் பாத்தா தாங்கமாட்டாங்க. கேமரா கார்டு போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

துக்க வீட்டில் இப்படியும் கேட்பார்கள். இரக்கத்தில்தான் கேட்கிறான் என்று நினைத்துச் சில்லு அக்கா தலையை ஆட்டிவைத்தாள்.

கூடத்தில் அந்த அக்கா ஒரு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அரிசிக்குள்ள போட்டு வச்சேன். ஈரத்த இழுத்துடும்னு சொன்னாங்க."

"அரிசி ஊறினதுதான் மிச்சமா இருக்கும். குடுங்கம்மா, பாக்கலாம்."

நகத்தளவு கார்டு. பொன்னிறக் கோடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சில்லு அக்கா அதைச் சுத்தமான நீரில் அலசினாள். ஸ்பிரிட் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் கோடு கோடாகத் துடைத்தாள். பஞ்சில் ஒற்றி எடுத்து, காய்ந்த துணியில் வைத்தாள்.

துணி நனைந்தது.

மறுபடி ஒற்றினாள். கார்டின் ஓரத்தில் மறுபடியும் ஒரு சொட்டு திரண்டது. கலங்கிய சொட்டு. கூடம் முழுக்கச் சேற்று வாடை பரவியது. இருபது வருடத் தொழிலில் எத்தனையோ நனைந்த கார்டுகளைப் பார்த்திருக்கிறாள். ஊறிக்கொண்டே இருக்கும் கார்டை இன்றுதான் பார்க்கிறாள்.

கடைசியில் ஒருவழியாகத் துடைத்து, ரீடரில் செருகி லேப்டாப்பில் இணைத்தாள். திரை வெறுமையாக இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்ற வீட்டுக்காரனின் மூச்சு அவள் பிடரியில் பட்டது.

"வராதுல்ல?" என்றான்.

சில்லு அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "கார்டு போயிடுச்சும்மா. ஒண்ணும் எடுக்க முடியாது."

லேப்டாப் 'டிங்' என்றது.

படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழத் தொடங்கின. கொக்கு, நாரை, பாறையில் சிறகு உலர்த்தும் நீர்க்காகம். படகில் துடுப்புப் போடும் வீட்டுக்காரன். அறுபதாவது படத்தில் அவன் எழுந்து நின்றான். அறுபத்தொன்றில் துடுப்பு தலைக்கு மேல் ஓங்கியிருந்தது. அவன் கண்கள் நேராகக் கேமராவைப் பார்த்தன.



அறுபத்திரண்டாவது படம் தண்ணீருக்கு அடியிலிருந்து மேல்நோக்கி எடுத்தது. படகின் அடிப்பக்கம், பக்கத்தில் கலங்கிய வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் படகு கவிழவே இல்லை.

"அவ கூப்பிட்டப்ப நீ கைய நீட்டினியா?" என்றாள் இறந்தவளின் அக்கா. கத்தவில்லை. நேரம் கேட்பதுபோல் கேட்டாள்.

அவன் கார்டைப் பிடுங்கினான். மேசையில் கிடந்த இடுக்கியை எடுத்து அதை நொறுக்கினான். ரீடர் காலியாகக் கிடந்தது.

படங்கள் நிற்கவில்லை.

அறுபத்து மூன்று: இந்த வீட்டின் கேட். அறுபத்து நான்கு: மாடிப்படி. அறுபத்தைந்து: கட்டிலில் அவன் தூங்குகிறான். பிறகு வந்ததெல்லாம் அவன் தூக்கம்தான். தேதி மாற மாற, படத்தில் அவன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. எல்லாம் அவள் செத்த பிறகு வந்த தேதிகள்.

பிறகு இந்தக் கூடம் வந்தது. மூன்று பேரின் முதுகு.

சில்லு அக்கா திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

அடுத்த படத்தில் அவன் முதுகு மட்டும் இருந்தது.

அடுத்ததில் அவன் கழுத்து.

"நிறுத்துங்க! வயரப் புடுங்குங்க!" என்று அலறினான். அலறல் பாதியில் கொளகொளவென்று உடைந்தது. இருமினான். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு வாய் அல்ல, குடத்தைக் கவிழ்த்தாற்போல், சேறும் சருகுமாக. சில்லு அக்கா ஓடிப்போய் அவனைக் குப்புறச் சாய்த்து முதுகில் குத்தினாள். குத்தக் குத்தத் தண்ணீர் வந்ததே தவிர, மூச்சு வரவில்லை.

"புடிங்கம்மா! வந்து ஒரு கை குடுங்க!"

அக்கா எழுந்திருக்கவில்லை. டப்பாவை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, "அவன் குடுத்தானா?" என்றாள்.

நுரையீரல் நிறைய ஏரித் தண்ணீர் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். வெயில் காயும் கூடத்தில் மனுஷன் எப்படி மூழ்கினான் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். போலீஸ் லேப்டாப்பை எடுத்துப்போய்ப் பார்த்தது. அதில் அறுபத்தொரு படங்கள்தான் இருந்தன. அந்த அறுபத்தொன்று போதுமானதாக இருந்தது. தங்கையின் சாவு விபத்து இல்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் அக்கா அழுதாள். சில்லு அக்காவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நானும் பொய் சொன்னேம்மா" என்றாள்.

"உங்களுக்கு என்ன தெரியும்? விடுங்க. நான் மனசுல வச்சுக்கல."

அந்த அக்கா வைத்துக்கொள்ளவில்லைதான்.

ஒரு மாதம் கழித்துச் சில்லு அக்கா தன் கடையை மறுபடி திறந்தாள். முதல் ஆளாக ஒரு கல்லூரிப் பெண் உடைந்த செல்போனோடு வந்து நின்றாள்.

"எப்பக்கா கிடைக்கும்?"

கையில் பத்து நாள் வேலை குவிந்து கிடந்தது. ஆனாலும் வழக்கம்போல ஒரு பொய் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நாளைக்குக் கண்டிப்பா..."

தொண்டையில் ஏதோ அடைத்தது. இருமினாள். நாக்கில் சேற்றுத் தண்ணீர் ருசித்தது. கைக்குட்டையை வாயில் ஒற்றி எடுத்துப் பார்த்தாள்.

விரல் நீளத்துக்கு ஒரு பாசி இழை, பச்சைப் பசேலென்று, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.