பெரியவர்களுக்குத் திறக்காத விரல்கள்

அமலோற்பவத்தின் வலது கை சிறுவர்களுக்கு மருந்து கொடுத்தது, இளைஞர்களுக்கும் கொடுத்தது. அறுபது தாண்டியவர்கள் வந்தால் மட்டும் விரல்கள் பொட்டலத்தை விடவில்லை.

"விடு தாயி," என்றார் சன்னலுக்கு வெளியே நின்ற பெரியவர். "எம் மாத்திரைதான, ஒன் நகையா?"

பக்கவாதம் வந்து எட்டு மாதம் கழித்து, ஒரு வாரச் சோதனைப் பணியாகத் தூத்துக்குடி மருந்தகத்துக்குத் திரும்பியிருந்தாள். இன்று கடைசி நாள். தவறினால் சன்னலில் அவளுக்குப் பதில் இயந்திரம் வந்து நிற்கும். அவள் கிடங்குக்குப் போவாள்.

அவள் முன்கையில் இருந்தது தசையுறை. பக்கவாதத்துக்குப் பின் மூளையின் 'தளர்' என்ற கட்டளை கைக்குச் சரியாக வந்து சேர்வதில்லை. விரலை மடக்கும் தசை இறுகியே கிடக்கும். உறை அதனோடு மல்லுக்கட்டுவதில்லை. வாங்குபவர் பொருளைப் பற்றிவிட்டார் என்று ஊகித்ததும், முன்கையின் வெளிப்புறத்தில் விரலை நீட்டும் தசைக்கு மெல்லிய மின்துடிப்பு தரும். நீட்டும் தசை விழித்தால் தண்டுவடமே மடக்கும் தசையை அடக்கிவிடும். உடம்பின் பழைய சட்டம் அது. உறை அதை நினைவூட்டுகிறது, அவ்வளவுதான்.

உறைகளைப் பராமரிக்கும் இசக்கிராஜ் மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"வயசானவங்களப் பாத்தா பயமாக்கா?"

"எம் மாமியாரையே சமாளிச்சவ நான்."

"சரி, எங்கிட்டக் குடுங்க."

கொடுத்தாள். விரல்கள் மலர்ந்தன.

"இப்ப எனக்கு எழுவது வயசுன்னு நெனச்சிக் குடுங்க."

சிரித்தபடி நீட்டினாள். அவளறியாமல் இடது கை வந்து வலது முழங்கையைத் தாங்கியது, பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையில். விரல்கள் பூட்டிக்கொண்டன.

இசக்கிராஜ் குனிந்து பார்த்தான். இடது கை அழுத்தியதில், உறைக்குள் துடிப்பு தரும் மின்பட்டை ஒரு விரற்கடை நகர்ந்து மடக்கும் தசைமேல் ஏறியிருந்தது. திறக்க வேண்டிய மின்சாரமே பூட்டியிருந்தது.

"தொடாமக் குடுங்கக்கா."

"அம்பது வருசப் பழக்கம் தம்பி. கை தானாப் போவுது."

அவன் சற்று யோசித்தான். பிறகு பட்டையைக் கீழிறக்கி ஒட்டினான்; முழங்கையில் தொடுதலை உணரும் வில்லை ஒன்றைப் பதித்தான். வாங்குபவர் எப்போது பற்றுவார் என்று உறை இனி ஊகிக்க வேண்டியதில்லை. இடது கை தொட்டால் துடிப்பு.

மாலைக்குள் முப்பத்தொரு பெரியவர்கள் வந்தார்கள். ஒரு பொட்டலமும் சிக்கவில்லை. சன்னல் அவளுக்கே என்றார் மேலாளர்.

ஊகத்தைவிட இது பிசகில்லாமல் வேலை செய்ததால், மறுமாதமே எல்லா உறைகளுக்கும் அந்த விதி போனது. இப்போது உறை அணிந்தவர்கள் பேரனுக்கு மிட்டாய் கொடுத்தாலும், எதிராளிக்கு வக்கீல் நோட்டீஸ் கொடுத்தாலும், தெருநாய்க்கு பிஸ்கட் போட்டாலும் இடது கையால் முழங்கையைத் தொட்டே கொடுக்கிறார்கள். தொட்டால்தான் விரல் திறக்கும்.