தறிக்கூடத்து ஜன்னல்

ஜன்னல் திண்டில் அவள் சுரண்டிப் போட்டிருந்த மக்குத்தூள் தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

காற்று இல்லை. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் பழைய மக்கு, காய்ந்து கல்லாகிப்போனது. அதன் பொடி மெல்ல ஊர்ந்து, திண்டின் விளிம்புக்கு வந்து, கீழே கொட்டியது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுவர் நடுங்கியது. வெளியே லாரி போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். லாரியாக இருந்தால் இந்நேரம் போயிருக்கும்.

நடுங்குவதற்கு அந்தப் பழைய நெசவாலைக் கட்டடத்தில் என்ன இருக்கிறது? ஆலைகள் அடிக்கடி தீப்பிடித்துச் சாம்பலான காலத்தில், மரமே வேண்டாம் என்று வார்ப்பிரும்புத் தூணும் செங்கல் வளைவுமாக எழுப்பியது. தறிகள் பழைய இரும்புக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிறது. மிச்சம் இருப்பது, கூரையில் தறிகளை ஓட்டிய சுழல்தண்டைத் தாங்கிய கொக்கிகளும் தரை குடித்துத் தீர்த்த எண்ணெயின் வாடையும்தான். இப்போது அது பாதுகாக்கப்பட்ட சின்னம். ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். இரும்புச் சட்டத்துக்குள் கையகலக் கண்ணாடிகள் வரிசை வரிசையாக இருக்கும் அந்த ஜன்னல்களைச் செப்பனிடத்தான் அவள் வந்திருந்தாள். கூட வேலைசெய்த மற்றவர்கள் எல்லாரும் இறங்கிப் போயாகிவிட்டது.

போன் அடித்தது. கீழே முற்றத்தில் குழந்தையோடு காத்திருந்த புருஷன்.

"பாப்பா கத்துறா. வர்றியா, இல்ல அந்த ஜன்னலையே கட்டிக்கிட்டு அழப்போறியா?"

"அஞ்சே நிமிஷம்ங்க. சாமான எடுத்து வச்சுட்டு வந்துடறேன்."

மார்பு கனத்து வலித்தது. பால் கொடுக்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இந்த ஒரு கண்ணாடி, இந்த ஒரு கண்ணாடி என்று இருட்டும்வரை இழுத்துவிட்ட தன்னையே திட்டிக்கொண்டு, சுரண்டியை இரும்புப் பெட்டிக்குள் வீசினாள்.

சத்தம் வரவில்லை.

இன்னொரு முறை எடுத்துப் போட்டாள். இரும்பில் இரும்பு விழுந்ததைக் கண் பார்த்தது, காது கேட்கவில்லை. காது அடைத்திருக்கும் என்று கொட்டாவி விட்டாள், எச்சில் விழுங்கினாள். "ஏய்!" என்று கத்தினாள். தொண்டை அதிர்ந்ததோடு சரி. பாதத்தின் வழியே நடுக்கம் முழங்காலுக்கு ஏறியது, பல் கிட்டித்தது.

அவளுடைய அம்மா வேறொரு ஆலையில் தறி ஓட்டியவள். "தறிக்கூடத்துக்குள்ள சத்தமே கேக்காதுடி. அவ்வளவு சத்தம் இருந்தா கேக்கறதுக்கு இடம் ஏது?" என்பாள். அங்கே எல்லாரும் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். காது போன பிறகு வீட்டிலும் அம்மாவுக்கு அதே பேச்சுதான். மாமியாரிடம் சண்டை போடவாவது வேண்டுமே என்று அவள் புருஷனும் அந்த உதட்டுப் பேச்சைக் கற்றுக்கொண்டான்.

பின்னால் ஏதோ உருண்டு வருவது தரையில் தெரிந்தது. திரும்பினாள். மாடிப்படிக் கோபுரத்துக்குப் போகும் இரும்புக் கதவு, சரிவான தண்டவாளத்தில் தானே இறங்கிக்கொண்டிருந்தது. தீ பரவாமல் இருக்க வைத்த கதவு. ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அன்றைக்கு யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஓடினாள். அதற்குள் மூடிக்கொண்டது. இழுத்தாள், தள்ளினாள், நகம் பெயர்ந்தது. கதவு இம்மியும் அசையவில்லை. இருந்ததும் அந்த ஒரு படிக்கட்டுதான்.

ஜன்னலுக்கு ஓடிவந்தாள். போன் போட்டாள். கீழே முற்றத்து விளக்கடியில் அவன் எடுத்து, "ஹலோ, ஹலோ" என்று உதடு அசைப்பது தெரிந்தது. கண்ணாடியை உடைத்தாள். கைதான் வெளியே போனது. கையை ஆட்டினாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கதவு மூடிக்கிச்சு. மேல வாங்க." வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொன்னாள்.

புரிந்ததற்குத் தலையாட்டினான். அப்புறம் அவன் பார்வை அவளை விட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனது. அதற்கடுத்த ஜன்னலுக்கு. நெற்றியைச் சுருக்கினான்.

"யாரு அவங்கல்லாம்?"

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று உடம்பே சொன்னது. ஆனால் இருட்டு ஏற ஏற, வேலை விளக்கின் வெளிச்சத்தில் கண்ணாடி முகம் காட்டத் தொடங்கியிருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் தலைகள். முடியெல்லாம் பஞ்சு. பெண்கள், சுவரிலிருந்து சுவர்வரை. எல்லா உதடுகளும் ஒன்றாக அசைந்தன.

"மாத்தாள் வந்தாச்சு."

ஆலை வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் தெரியாதா? அடுத்த ஷிப்டுக்கு நிற்க வருகிறவள் மாத்தாள். அவள் வந்து தறியைப் பிடிக்கும்வரை, நிற்பவள் இறங்கக் கூடாது. பிள்ளை அழுதாலும் கூடாது. வந்துவிட்டால் போகலாம்.

கண்ணாடியில் ஒருத்தி மட்டும் நகர்ந்தாள். கதவுப் பக்கம். கதவு அவளுக்கு ஓர் ஆள் அகலம் திறந்தது.

"நில்லு!"

ஓடினாள். இரும்பு மூக்குக்கு முன்னால் சேர்ந்தது.

மறுபடி ஜன்னல். கீழே அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கோபுரத்தை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தான். பாதி முற்றத்தில் நின்றான். கோபுரத்து வாசலில், இறங்கிப்போன அந்த ஒருத்தி வந்து நின்றாள். இவள் போட்டிருக்கும் அதே நீலச் சட்டை. அதே நடை. அதே முகம்.

அவன் சிரித்தான். அப்பாடா என்ற சிரிப்பு.

குழந்தையை நீட்டினான்.

வேண்டாம். வேண்டாங்க. மேல பாருங்க.

அவன் பார்க்கவில்லை. பாப்பா முதுகை வளைத்து, முகம் சிவந்து, வாய் பிளந்து கத்தினாள். இங்கே ஒன்றும் கேட்கவில்லை. சட்டை மட்டும் நனைந்தது. பால்.

அவன் வண்டியைத் திறக்கப் போனான். அந்தப் பெண் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, ஜன்னலைப் பார்த்தாள். வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகக் கேட்டாள்.

"பாப்பா பேரு என்ன?"

சொல்லக் கூடாது. பல்லைக் கடித்தாள். வாயைப் பொத்தக் கையைத் தூக்கினாள். கை வரவில்லை. இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, அங்கே இல்லாத தறியில் அறுந்த நூல் ஒன்றை முடிச்சிட்டுக்கொண்டிருந்தன.

உதடுகள் பிரிந்தன. முதல் எழுத்துக்குக் குவிந்தன.