நகல் பிரிவில் பெய்த மழை

"ஏங்க, வரிசைன்னு ஒண்ணு இருக்கு."

பின்னாலிருந்து வந்த குரலுக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நகல் பிரிவின் ஜன்னல் கம்பிக்குள் விண்ணப்பத்தை நுழைத்துவிட்டு, "வரிசையில ஆளைக் காணோமே... அதான் வந்தேன்" என்றாள்.

"ஆள் அறிவிப்புப் பலகை படிக்கப் போயிருந்தான். வரிசை இங்கேதான் நின்னுச்சு."

அப்போதுதான் திரும்பினாள். சொட்டுகிற குடையும் கலைந்த தலையுமாக ஓர் உயரமான ஆள். முகத்தில் கோபம் இருந்தது. கண்களில் இல்லை. கண்களைப் பார்ப்பதே அவளுக்குப் பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறவள். எத்தனையோ கண்களைப் பார்த்தாயிற்று... எந்தக் கண்ணும் திருப்பி அவளைப் பார்த்ததில்லை. இந்தக் கண்கள் பார்த்தன. சட்டென்று பார்வையைக் குடைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மாள் இருவரின் விண்ணப்பத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டுமே விவாகரத்துத் தீர்ப்பின் நகல் கேட்டு எழுதப்பட்டவை.

"இங்க எல்லாரும் சேர்ந்து வந்து, சண்டை போட்டுப் பிரிஞ்சு போவாங்க. நீங்க பிரிஞ்ச பிறகு வந்து சண்டை போடுறீங்களே" என்றார் அம்மாள்.

முதலில் சிரித்தவன் அவன்தான். அவள் சிரிப்பை உதட்டுக்குள் மென்று விழுங்கினாள்.

இருவரிடமும் வழக்கு எண் கிடையாது. வருடம் மட்டும்தான் தெரியும். ஆவண அறையில் மழை ஒழுகுவதால் கட்டுகளையெல்லாம் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், தேடித்தான் எடுக்க வேண்டும், சாயங்காலம் ஆனாலும் ஆகும் என்று சொல்லிவிட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்தச் சின்ன ஊரில் ஒதுங்குவதற்கும் இடமில்லை. நீதிமன்ற வராந்தாவில் நனையாமல் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அவள் இந்தக் கோடியில் உட்கார்ந்தாள், அவன் அந்தக் கோடியில். நடுவில் அவனுடைய குடை, சமாதானம் பேச வந்த பெரிய மனிதர் மாதிரி நின்றது.

இந்த ஊரில்தான் அவள் வாழ வந்தாள். இந்த ஊரிலிருந்துதான் ஒரு பெட்டியோடு திரும்பிப் போனாள். கணவராயிருந்தவர் போட்ட வழக்குக்கு அவள் வந்து ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. எழுதுகிறதை எழுதிக்கொள்ளட்டும், விட்டால் போதும் என்றிருந்தது அப்போது. அதனால் அவர் எழுதியதே தீர்ப்பாயிற்று. அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை அவள் படித்ததில்லை.

"டீ குடிப்பீங்களா?" குடைக்காரன்தான் கேட்டான். "வரிசையில முந்தினதுக்கு அபராதமா நீங்களே வாங்கிக் குடுங்க."

வாங்கிக் கொடுத்தாள். அதன் பிறகு பேச்சு எப்படித் தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்தது. இந்த ஊரில் மாடி வீடே இல்லையே என்று அவள் கேட்டதற்கு, அதனால்தான் இந்த ஊர்க்காரரான மாமனாருக்குக் கடைசிவரை தன் வேலை என்னவென்றே விளங்கவில்லை, மருமகன் ஏதோ கிணறு தோண்டுகிறான் என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் என்றான். அவள் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். இப்போது அவன் வேலை செய்வது அவள் இருக்கும் நகரத்தில்தான், பெரிய ஆஸ்பத்திரியின் பழைய லிஃப்டைக் கழற்றி மாட்டுகிறானாம். தன் கண்ணாடிக் கடைக்கு அடுத்த தெரு அது என்று அவள் சொன்னாள். இத்தனை நாள் கண்ணில் படாத மனிதன் இவ்வளவு தூரம் வந்து கண்ணில் படுகிறானே என்று நினைத்தாள்... நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

நகல் எதற்கு என்று அவள்தான் கேட்டாள். அவனுடைய முன்னாள் மனைவிக்கு மறுபடி கல்யாணமாம். வெளிநாட்டில் இருக்கிறாள், அவளால் வர முடியாது. வேறு யாரைக் கேட்பது என்று தெரியாமல் அவனையே கேட்டிருக்கிறாள்.

"அதுக்கா வேலையை விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க? வருத்தமா இல்லையா?"

அவன் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முன்னாடி இருந்துச்சு. நாங்க ரெண்டு பேருமே கெட்டவங்க இல்லைங்க. சேர்ந்து இருந்தா கெட்டவங்க ஆயிடுறோம்... அவ்வளவுதான். அவளாவது நல்லா இருக்கட்டுமே."

இவன் ஏமாளியா, நல்லவனா? அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் குடை எப்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

மழை விட்டுத் தூறலாகிற நேரத்தில் அம்மாள் கூப்பிட்டார். முத்திரை குத்திய நகல்களை ஜன்னல் வழியே நீட்டினார். அவன் தன்னுடையதைப் படிக்காமலே பைக்குள் வைத்தான். அவள் பெஞ்சுக்கு வந்து முதல் பக்கத்தைப் புரட்டினாள். இரண்டாம் பக்கம்... மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு எழுத்து தெரியவில்லை. ஊருக்கெல்லாம் எழுத்துத் தெரிய வைக்கிறவளுக்கு, தன் பெயர் இருந்த காகிதம் கலங்கிக் கலங்கித் தெரிந்தது.

"நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்று அவனிடம் நீட்டிவிட்டாள். ஏன் நீட்டினாள்? காலையில் முகம் தெரியாதவன். ஆனாலும் நீட்டினாள்.

அவன் வரி விடாமல் படித்தான். அடங்காதவள், மாமியாரை மதிக்காதவள், சமைக்க மாட்டாள், சிரித்துப் பேச மாட்டாள், கல்நெஞ்சுக்காரி... எல்லாம் வரிசையாக இருந்தன. படித்து முடித்து மெதுவாக மடித்தான்.

"இதுல இருக்கிற ஆளை எனக்குத் தெரியலை. காலையிலேர்ந்து என் பக்கத்துல உட்கார்ந்திருந்தது வேற யாரோ."

இத்தனை வருடத்தில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அண்ணன் 'விடும்மா' என்பார். அண்ணி 'மறந்துடு' என்பாள். 'இது நீ இல்லை' என்று ஒருவர் சொல்ல இந்த ஊருக்கே திரும்பி வர வேண்டியிருந்தது.

அந்த நெகிழ்ச்சியில்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் ஒரு வரன் பார்த்திருக்கிறார். அவர்கள் வீட்டில் தீர்ப்பைப் படித்துப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேசுவார்களாம். அதற்குத்தான் இந்த நகல்.

அவன் முகம் மாறியது. "மாடு வாங்குறவன் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரியா?" என்றான்.

சுருக்கென்று தைத்தது. தைத்தது உண்மை என்பதாலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் அவளை அப்பா இடத்தில் இருந்து வளர்த்தவர்.

"எங்க அண்ணன் மாடு விக்கிறவர் இல்லை. பழைய பொண்டாட்டி கல்யாணத்துக்கு வரிசையில நிக்கிறவர் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்."

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? அவன் நகலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

நகரத்துக்குப் போக ஒரே பஸ்தான். அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவன் கடைசி இருக்கையில். வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள் ஒன்றையொன்று துரத்தி ஓடின. திரும்பிப் பார்க்கலாமா... வேண்டாமா? கழுத்து வலித்ததுதான் மிச்சம். அவள் இறங்கியபோது பின்னாலேயே அவனும் இறங்கினான்.

"நான் சொன்னது தப்பு. உங்க வீட்டைப் பத்திப் பேச எனக்கு என்ன உரிமை இருக்கு" என்றான்.

நான் சொன்னதும் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தாள். வீம்பு விடவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள். தெருமுனையில் திரும்பினபோது அவன் அங்கேயே நின்றிருந்தான், குடையை விரிக்காமல்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை பார்க்கச் சாதுவாக இருந்தார். பேச்சையெல்லாம் அவருடைய அக்காவே பார்த்துக்கொண்டார். கூடத்து நாற்காலியில் சாய்ந்து தீர்ப்பைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அண்ணன் கைகளைப் பிசைந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அண்ணி டீக் கோப்பைகளோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"சமைக்க மாட்டாங்கன்னு போட்டிருக்கே, இப்ப எப்படி?" என்றார் அந்த அக்கா. "சிரிச்சுப் பேச மாட்டாங்கன்னும் இருக்கு. என் தம்பிக்குக் கலகலப்பா இருக்கணும்."

தம்பி ஆமென்று தலையை ஆட்டினார்.

அவள் எழுந்து போய், அந்த அக்காவின் கையிலிருந்து காகிதத்தை மரியாதையாகவே வாங்கிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இதுல இருக்கிறவ வேற ஆள். என்னைப் பத்தித் தெரியணும்னா என்கிட்டதான் கேட்கணும். நீங்க இவ்வளவு நேரத்துல என்கிட்ட ஒண்ணுமே கேட்கலையே."

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்தால் எங்கே உடைந்துவிடுவோமோ என்று பயம். அண்ணன் கனைத்துக்கொண்டது கேட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

"டீ ஆறிடப் போகுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார் அண்ணன், வந்தவர்களிடம்.

அவர்கள் போன பிறகு அண்ணன் வெகுநேரம் ஜன்னலருகே நின்றார். பிறகு வந்து அவள் தலையில் கை வைத்தார். "உன்னை அந்த ஊருக்கு அனுப்பினவன் நான்தான். நேத்தும் நானேதான் அனுப்பினேன். இனிமே நீயா எங்கேயாவது போனா போம்மா. நான் அனுப்ப மாட்டேன்."

அவள் அழுதாள். நாள்பட்ட அழுகை அது. அண்ணியும் கூட உட்கார்ந்து அழுதாள்.

அதன் பிறகு சில நாட்கள் கடைக்கும் வீட்டுக்குமாக ஓடின. வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்பாள். தனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொள்ளப் பயம். கண்ணை மூடினால் குடையை விரிக்காமல் நின்றவனே தெரிந்தான். அவன் தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டான். பாக்கி அவளுடையதுதான். பக்கத்துத் தெருவுக்குப் போக இத்தனை யோசனையா?

ஒரு மத்தியானம் கடையை உடன் வேலை செய்பவளிடம் ஒப்படைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

லிஃப்ட் இருந்த இடத்தில் மரத்தடுப்பு வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தாள். கீழே குழிக்குள், தலைவிளக்கு வெளிச்சத்தில், எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நிஜமாவே கிணறுதான் தோண்டுறீங்க போல" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். தலைவிளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. அவசரமாக அதை அணைத்தான். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். அதே கண்கள்... ஆனால் இன்றைக்கு நம்ப முடியாமல் பார்த்தன.

அவள் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. அவங்களுக்காக வந்து நின்னீங்களே... அதைப் பார்த்துத்தான் எனக்கு உங்களைப் பிடிச்சுது. அதையே எடுத்து உங்களைக் குத்திட்டேன்" என்றாள்.

பிடித்தது என்ற வார்த்தை எப்படி வெளியே வந்தது? காது மடல் சூடாயிற்று.

அவன் குரல் இறங்கியிருந்தது. "வரன்?"

"திருப்பி அனுப்பிட்டோம்."

அவன் கையிலிருந்த ஸ்பானரையே பார்த்தான். "உங்க கடை வாசல் வரைக்கும் தினமும் வர்றேன். உள்ளே வந்தா கண்ணு டெஸ்ட் பண்ணணும்பீங்க. அவ்வளவு பக்கத்துல பார்த்தா எல்லாம் தெரிஞ்சுடுமேன்னு திரும்பிப் போயிடுறேன்."

"என்ன தெரிஞ்சுடும்?"

"நீங்க கேட்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். என்கிட்டேயும் குறை இருக்கு. சட்டுனு வாயை விட்டுடுவேன். வேலைன்னா வீட்டை மறந்துடுவேன். என் தீர்ப்புல அதெல்லாம் இல்லை, நாங்க சம்மதிச்சுப் பிரிஞ்சதால யாரும் எழுதலை. ஆனா இருக்கு. அதுக்கு மேலயும் உங்களுக்குச் சரின்னா... எனக்கு உங்க கூட வாழணும்."

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் இந்தத் தடவை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"மேலே வாங்க" என்றாள்.

அவன் ஏணியில் ஏறினான். கடைசிப் படியில் அவள் கை நீட்டினாள். அவன் தன் கைகளைப் பார்த்துத் தயங்கினான்.

"எல்லாம் கிரீஸ்..."

"பரவாயில்லை," என்றாள் அவள். "குடுங்க."