பின்னறையில் ஒரு ஜோடி செருப்பு

"வீட்டுல ஒரு குறையும் இல்லைங்க. அதான் பயமா இருக்கு" என்றாள் தையல்காரி.

வாங்கப்போகும் வீட்டைச் சோதித்துக் குறை சொல்வதுதான் பரிசோதகரின் பிழைப்பு. குறையே இல்லை என்று முறையிட வந்த ஆளை அவர் அன்றுதான் பார்த்தார். உதவிக்கு இருந்த மைத்துனன் சிரிப்பை அடக்க இருமினான்.

அது அவள் வாங்கும் முதல் வீடு. மறுநாள் காலை கையெழுத்துப் போட வேண்டும். பின்னறை ஆறு வயது மகளுக்கு என்று முடிவாகி, கட்டில் எங்கே, பொம்மை அலமாரி எங்கே என்று அந்த வாண்டு படமே வரைந்துவிட்டது.

"வீட்டை விக்கற வீட்டுக்காரர் ரொம்ப நல்லவரா இருக்கார் சார். அவ்வளவு நல்லவரா இருக்கறதுதான் உறுத்துது. என் பொண்ணு படுக்கப்போற இடம். ஒருதரம் பார்த்துச் சொல்லிடுங்க."

அன்று பிற்பகலே மூவரும் போனார்கள். வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். அவருடைய மனைவி சமையலறையில் வெறுங்காலோடு நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துலக்க ஆரம்பித்தாள்.

மைத்துனன் கண்கொத்திப் பாம்பாகச் சுவர் சுவராகப் பார்த்தான். ஈரம் பார்க்கும் கருவியை வைத்த இடமெல்லாம் பச்சை விளக்குதான் எரிந்தது. "சுத்தம் அத்தான். ஒரு விரிசல்கூட இல்ல" என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. வெயில் தரைவரை வந்திருந்தது. அப்படியும் விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. சுவிட்சுப் பலகைக்கு நேர் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

"இது யாரோடது?" என்று கேட்டார் பரிசோதகர்.

"என் சம்சாரத்தோடது சார். குதிகால் வலி. செருப்பில்லாம வீட்டுக்குள்ளகூட நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

பரிசோதகர் தலையாட்டிக்கொண்டார். அந்தச் சுவருக்கு மறுபக்கம் இருந்த குளியலறைக்குள் போனார். "தினமும் இதுலதான் குளிக்கறீங்களா?"

"ஆமாமா, தினமும்."

டப்பாவில் சோப்பு காய்ந்து வெடித்திருந்தது. கவிழ்த்து வைத்த வாளியின் மேல் தூசி படிந்திருந்தது. பரிசோதகர் ஷவரைத் திறந்துவிட்டார்.

"தண்ணி வீணாகுதே சார்."

"வேகம் சீரா இருக்கான்னு பார்க்கணும். அரை மணி நேரம் ஓடட்டும்."

வீட்டுக்காரர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அரை மணி கழித்து, பரிசோதகர் மைத்துனன் காதில் ஏதோ சொல்லி அவனை வெளியே அனுப்பினார். மற்ற எல்லோரையும் பின்னறைக்கு அழைத்தார். வீட்டுக்காரரின் மனைவியும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சற்றைக்கெல்லாம் விளக்கு அணைந்தது, விசிறி மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

"கரண்ட் போயிடுச்சு" என்றார் வீட்டுக்காரர், மூச்சு வந்தவராக.

"அம்மா, அந்த சுவிட்சையெல்லாம் அணைச்சிடுங்க" என்றார் பரிசோதகர் தையல்காரியிடம். அவள் வெறுங்காலோடு போய்க் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க! கரண்ட் எப்ப வேணா வந்துடும்!" என்று அலறிக்கொண்டு வீட்டுக்காரர் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார்.

"கரண்டே இல்லாத சுவிட்சுக்கு எதுக்குங்க இந்தப் பதற்றம்?" பரிசோதகர் குரலை உயர்த்தவில்லை. "மெயினை அணைச்சது என் மச்சான்தான். குதிகால் வலின்னீங்க. உங்க சம்சாரம் சமையலறையில வெறுங்காலோட நின்னாங்க, செருப்பு மட்டும் இங்க கிடக்கு. அப்ப அது நடக்கறதுக்கு இல்ல, சுவிட்சைத் தொடறதுக்கு. நாங்க யாரும் கை வச்சிடக் கூடாதுன்னுதான் பட்டப்பகல்ல விளக்கைப் போட்டு வச்சிருக்கீங்க. சுவர் காயட்டும்னு குளியலறைப் பக்கமே பல நாளா யாரும் போகல. உள்ள குழாய் ஒழுகுது. ஈரம் ஏறினா சுவிட்சு ஷாக் அடிக்குது."

திரும்பி வந்த மைத்துனன் கருவியைச் சுவரில் வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

தையல்காரி சுவரைவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "குளிச்சிட்டு ஈரக்காலோட ஓடி வந்துதான் என் பொண்ணு லைட்டைப் போடுவா" என்றாள். "எனக்கு இந்த வீடு வேண்டாம்."

"நான் யாருக்கும் கெடுதல் நினைக்கலைங்க" என்று வீட்டுக்காரர் குழறினார். "அதான் பாய்ஞ்சு வந்து தடுத்தேனே!"

அதுவரை வாய் திறக்காத அவருடைய மனைவி இப்போது பேசினாள்.

"மூணு வருஷமா இது என்னை அடிக்குது. செருப்பைப் போட்டுக்கோன்னு சொன்னதோட சரி. எனக்காக ஒருநாளாவது இப்படிப் பாய்ஞ்சு வந்தீங்களா?"

அவள் குனிந்து அந்தச் செருப்பை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"இனிமே லைட்டை நீங்களே போடுங்க."