கண்ணாடிக்குள் நேராக நின்றவன்

நிலமட்டம் பார்க்கும் லெவல் கருவியின் கண்ணாடிக்குள் எவரும் நேராக நிற்பதில்லை. அதன் வழியே பார்த்தால் ஆளும் மரமும் வானத்திலிருந்து தலைகீழாகத்தான் தொங்கும். ஓவர்சியர் பாலசுந்தரத்துக்கு அது பழகிப்போன காட்சி. அதனால்தான், சூரமங்கலம் சாக்கடைக் குழாய் வேலையில் அன்று பொழுது சாய்கிற நேரத்தில், மூடிய பள்ளத்தின் மறுகோடியில் அளவுகோலோடு தலைகீழாகத் தொங்கிய செல்லமுத்துவுக்குப் பின்னால் ஒருவன் நேராக நிற்பதைக் கண்டதும் அவர் சட்டென்று கருவியை விட்டு விலகினார்.

நிமிர்ந்து பார்த்தார். செல்லமுத்து மட்டும்தான் நின்றான்.

"உன் பின்னால யாருடா?"

"ஆருமில்லீங்களே சாமி."

போன வாரம் இதே பள்ளத்தில், "பக்கத்துக்குப் பலகை அடிச்சுக் குடுங்க, மண்ணு நிக்காதுங்க" என்று கூலியாள் செங்கோடன் கெஞ்சினான். சீக்கிரம் முடித்து நல்ல பெயர் வாங்கும் அவசரம் பாலசுந்தரத்துக்கு. ஏசியே இறக்கிவிட்டார். மற்றவர்கள் சோற்றுக்குப் போயிருந்த உச்சிவேளையில் மண் சரிந்து, குழாய்மேல் தலைகுப்புற விழுந்தவனை மூடிக்கொண்டது. பாதங்கள் இரண்டும் மட்டும் வெளியே உதறிக்கொண்டிருந்தன. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஆட்கள் ஓடிவந்திருப்பார்கள். வேலை போய்விடுமே என்று பயந்த அந்தப் பாவி மனிதர், பாதங்களின்மேல் தானே மண்ணைத் தள்ளினார். கந்தம்மாள் வந்து அழுதபோது, "உன் புருஷன் சொல்லாமல் ஓடிவிட்டான்" என்று கூசாமல் சொன்னார்.

நாளைக் காலையில் என்ஜினீயர் வருகிறார். குழாயின் சரிவு கணக்கில் இடித்தால் பள்ளத்தைத் திரும்பத் தோண்டச் சொல்லிவிடுவார். இன்றைக்கே அளவு எடுத்தாக வேண்டும்.

மறுபடி குனிந்தார். நேராக நின்றவன் பாதி தூரம் வந்திருந்தான். ஈரக் களிமண் வாடை மூக்கில் ஏறியது. ரயிலடிச் சத்தம், காக்கைச் சத்தம், எல்லாம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் அடங்கிப்போயின.

காட்சி தெளிவாகக் கருவியின் திருகைத் திருப்பினார்.

இன்னும் கிட்டே.

மண் அப்பிய முகம். மண் அடைத்த வாய். கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவற்றில் இருந்த வன்மம் செங்கோடன் உயிரோடு ஒருநாளும் காட்டாதது.

கண்ணை வெடுக்கென்று எடுத்தார்.

எடுத்த பிறகும் செல்லமுத்து தலைகீழாகவே தொங்கினான். வேப்பமரமும். வானம் கீழே கிடந்தது.

செங்கோடன் மட்டும் நேராக நின்றான்.

தலைக்குள் ரத்தம் இறங்கியது. கத்தினார். வாய் நிறைய மண். இருட்டு. கன்னத்தோடு கன்னமாக ஒரு குளிர்ந்த முகம் ஒட்டிக்கொண்டது.

மேலே, எங்கோ, செல்லமுத்து ஆட்களைக் கூப்பிட்டான்.

"ஓவர்சியரு எங்கியோ போய்ட்டாராட்டம் இருக்குது. இங்க மண்ணு உள்வாங்கிருச்சு, திமிசுக் கட்டையக் கொண்டாந்து இடிங்கப்பா!"

முதல் இடி அவருடைய உள்ளங்கால்களின்மேல் விழுந்தது.