அடியிலிருந்து வந்த ஊசி

இடது கையில் தேநீர் தம்ளர் இருக்கும்போதே, ஊசி துணிக்கு அடியிலிருந்து மேலே வந்து நின்றது.

மரச்சட்டத்தில் விறைக்க இழுத்துக் கட்டிய துணியில் தைப்பதென்றால் வலது கை மேலே, இடது கை அடியில். மேல் கை குத்தி அனுப்பும், அடிக்கை வாங்கித் திருப்பித் தரும். சுத்தமான கொடுக்கல் வாங்கல். ஒரு கை தேநீர் குடிக்கப் போனால் வியாபாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

முன்பே குத்திவிட்டு மறந்திருப்பேன் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

ஏதோ ஓர் அரண்மனைச் சுவரில் தொங்கிய பழைய திரைச்சீலைக்கு நகல், அருங்காட்சியகத்துக்காக. அதில் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் பெண்களின் உருவங்கள். வேலையைப் பிடித்ததும் பெரும்பகுதியை முடித்ததும் அக்காதான். கடைசிப் பெண்ணை மட்டும் மிச்சம் வைத்து, இன்று தங்கையான இவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள்.

"உன் கை பட்டாத்தாண்டி இது எடுபடும். உடுப்ப மட்டும் முடி. முகத்தத் தொடாத."

அக்கா புகழ்ந்தால் பின்னாலேயே ஒரு சுமை வரும் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் மனம் குளிர்ந்துதான் போனது.

வெளியே மழை, அறைக்குள் ஈரம் பூத்த பட்டின் புளித்த வாடை, அதற்கும் அடியில், விறைத்த துணியை நூல் உரசிக்கொண்டு வரும் சன்னமான சத்தம், யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுப்பதுபோல, நின்று, மறுபடி வந்தது. குனிந்து பார்த்தாள். தன் முழங்கால்கள். இருட்டு. நிமிர்ந்தபோது கடைசிப் பெண்ணின் வெற்று முகத்தில் ஒரு புருவம் இருந்தது. நடுவே வெட்டுத் தழும்பு.

அவளுடைய புருவம்.

அதைச் சுற்றி, பிரித்தெடுத்த தையலின் ஊசித் துளைகள். அந்தத் துளைகளின் வரிசையில் தெரிந்தது ஓர் அகன்ற தாடை. அக்காவின் தாடை.

"அக்கா."

கதவுக்கு வெளியே நாற்காலி கிரீச்சிட்டது. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

"இங்க உன் முகத்தத் தைச்சுப் பிரிச்சிருக்கு."

"நான் தைக்கல. அதுவா வந்துச்சு." அக்காவின் குரல் தணிந்திருந்தது. "முகம் முடிஞ்சா ஆளக் கூட்டிட்டுப் போயிடும். பிரிக்கப் பிரிக்க வந்துச்சுடி. வேற ஆளு தரேன்னு கெஞ்சினேன். ஒத்துக்கிச்சு."

"என்னையா?"

"எனக்குப் புள்ளைங்க இருக்கு. நீ ஒண்டிக்கட்டைதானே."

கறை பட்ட துணியைத் தள்ளுபடியில் தள்ளிவிடும் நிதானம்.

எழுந்து ஓடிக் கதவை இழுத்தாள். வெளியே தாழ்ப்பாள். திரும்பினாள். மூக்கு முடிந்திருந்தது. உதடு தொடங்கியிருந்தது.

கத்தரிக்கோல். நூலை அடியிலேயே அறுத்துவிட்டால் போதும். சட்டத்துக்குக் கீழே கையை விட்டாள். துழாவினாள்.

நூல் இல்லை.

விரல்கள். சில்லென்ற விரல்கள். பல கைகளின் விரல்கள், ஊசி குத்திக் குத்தி நுனி காய்த்தவை.

அவை மெல்ல ஒதுங்கி, அவள் கைக்கு இடம் விட்டன.